பலகைத் துண்டில் ஒரு பட்டணம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கதவு மாட்டியிருக்கிறது. திறந்து மூடுகிற கதவல்ல. ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கதவு. இன்று அதன்மேல் ஒரு படம் இருக்கிறது. முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு அதன் முன்னே போய் நிற்பார்கள். "படம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏன் கதவிலே வரைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "கீழே ஓரத்தில் யாரோ விரலை வைத்துக் கெடுத்துவிட்டார்களே!" என்று சிலர் வருத்தப்படுவார்கள்.

இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் நீளமான பதில்.

நான் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டியவர்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரையை முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் திரும்பும் வரைக்கும் எனக்கு ஆயாக் கொட்டகை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு லயத்துப் பலகைச் சுவர்தான் எனக்குக் காகிதம். அடுப்புக்கரியால் வரைவேன். பால் லோரி, மாரியம்மன் கோயில் தேர், கிராணி ஐயாவின் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் சுவரில் இருக்கும். தீபாவளிக்கு முன்னால் அப்பா சுண்ணாம்பு அடிப்பார். ஒரே காலைப்பொழுதில் என் ஒரு வருஷத்துப் படங்கள் மறைந்துவிடும். நான் மூலையில் உட்கார்ந்து அழுவேன். "அழுவாதப்பா. உனக்குத்தான் புதுச் சுவரு கெடைச்சிருச்சே" என்பார் அம்மா.

1976-ஆம் ஆண்டு, 18 வயதில், ஒரு பையோடு கோலாலம்பூருக்கு வந்தேன். செந்தூல் பக்கம் ஒரு சந்துக்குள் விளம்பரப் பலகை எழுதும் கடையில் வேலை கிடைத்தது. முதலாளி சீனர், தவுக்கே என்று கூப்பிடுவோம். முதல் ஒரு வருஷம் பலகை தேய்ப்பதும், தூரிகை கழுவுவதும், அவருக்குக் கோப்பி வாங்கி வருவதும்தான் என் வேலை. பிறகு எழுத்துப் பழக்கினார். தமிழ்ப் பலகை என்றால் என்னிடம் விட்டுவிடுவார். முடிவெட்டும் கடை, நகைக்கடை, மளிகைக்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக்கடை என்று பல கடைகளின் நெற்றியில் என் எழுத்து இருந்தது.

தினமும் வேலைக்கு மினி பஸ்ஸில் போவேன். இளஞ்சிவப்பு நிறத்தில், நெத்திலி அடைத்த டின் மாதிரி ஆட்களை அடைத்துக்கொண்டு ஓடிய அந்த பஸ்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975-இல் ஓடத் தொடங்கி 1998-இல் நிறுத்தப்பட்டவை. வாசற்படியில் தொங்கிக்கொண்டே பட்டணத்தைப் பார்ப்பேன். பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டும் அக்கா, மாவை வீசி ரொட்டி சானாய் போடும் பாய், நாசி லெமாக் பொட்டலம் மடிக்கும் மலாய் மக்சிக், ஐந்தடி நடைபாதையில் செருப்புத் தைக்கும் சீனக் கிழவர், விடியும் முன்னே தெருக் கூட்டும் நம்மவர்கள். பட்டணம் என்றால் உயர்ந்த கட்டடம் என்று தோட்டத்தில் நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் பட்டணம் இவர்கள் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கடையில் விற்ற வாழ்த்து அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் இவர்கள் யாரும் இல்லை. இவர்களை நான் வரைந்தால் என்ன என்று தோன்றியது.

எண்ணெய் வண்ணத்தில் வரைய ஆசைப்பட்டேன். அதற்குக் காரணம் உண்டு. விளம்பரப் பலகைக்குப் பூசும் பெயிண்ட் விரைவில் காய்ந்துவிடும். எழுத்துக்கு அது நல்லது. முகத்துக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். இன்று போட்ட கன்னத்தை நாளைக்கும் திருத்தலாம். ஆனால் அந்த வண்ணக் குழாய்களின் விலை! சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஓவியத் துணி ஒன்றின் விலை என் மூன்று நாள் கூலி. கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட தவுக்கே சிரித்தார். கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார். கழற்றிய பழைய விளம்பரப் பலகைகள். "இது என்ன? மரம்தானே? துணி கேட்கிறாயே, துணி மரத்தைவிட உசத்தியா?" என்று மலாயில் கேட்டார்.

அன்றிலிருந்து நான் பட்டணத்தின் குப்பைக்கு வாடிக்கையாளன் ஆனேன். சந்தையில் உடைந்த பழப்பெட்டிகள் கிடைத்தன. மளிகைக்கடையில் தேயிலைப் பெட்டி கிடைத்தது. மெல்லிய பிளைவுட்டில் செய்து ஓரத்துக்குத் தகரம் அடித்த அந்தப் பெட்டியைப் பிரித்தால் ஆறு நல்ல பலகைகள். பிஸ்கட் டின்னின் மூடியில் சின்னப் படங்கள் போட்டேன். தேர்தல் முடிந்தால் எனக்குத் திருவிழா. ஜெயித்தவரும் தோற்றவரும் சாலையோரத்தில் விட்டுப்போன பலகைகளைக் கேட்டு வாங்கி வந்துவிடுவேன்.

ஓசியில் கிடைக்கிறதே என்று சும்மா பூசிவிட முடியாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதலில் அரிசிச் சாக்கை வெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அப்படியே வண்ணத்தைப் பூசினேன். மாரியம்மன் தீமிதித் திருவிழாக் கூட்டம். ஆசை ஆசையாகப் போட்ட படம். சில வருஷத்தில் சாக்கு மக்கி, விரலால் அழுத்தினால் முறிந்தது. எண்ணெய் நாருக்குள் இறங்கினால் நாரை அரித்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் போட்ட படமும் அப்படித்தான். அட்டை பழுத்து, வளைந்து, வண்ணம் வெடித்துப்போனது.

வழியைத் தவுக்கேதான் சொன்னார். முதலில் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். உதிருகிற பூச்சின்மேல் எதைப் பூசினாலும் சேர்ந்தே உதிரும். பிறகு மரத்துக்குப் பசை பூச வேண்டும். அந்தப் பசைதான் எண்ணெய்க்கும் மரத்துக்கும் நடுவே நிற்கிற வேலி. முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கமும் நாலு ஓரமும் பூச வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்று ஒரு பக்கமாக உள்ளே போனால் பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பசை காய்ந்ததும், பசையோடு சுண்ணக்கட்டித் தூளைக் கலந்து மூன்று நான்கு தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் தேய்க்க வேண்டும். கடைசியில் பலகை முட்டை ஓடு மாதிரி வழவழப்பாகும். இப்போது இதற்கென்றே அக்ரிலிக் பூச்சு டப்பாவில் விற்கிறார்கள், வேலை சுலபம். தகரத்துக்குத் துருவைத் தேய்த்து எடுத்து, உலோகத்துக்கான பூச்சு அடிக்க வேண்டும். துரு கொஞ்சம் இருந்தாலும் அடியில் பரவிக்கொண்டே போகும்.

வண்ணம் பூசுவதிலும் ஒரு விதி இருக்கிறது. மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே. அடியில் டர்பன்டைன் கலந்து நீர்த்த வண்ணம். மேலே போகப் போக எண்ணெய் கூடிய வண்ணம். மாற்றிப் பூசினால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, கீழ்ப்பூச்சு பிறகு அசைந்து, படம் வெடிக்கும். நான் அதிகமான நிறங்கள் வாங்கவில்லை. வெள்ளை, மஞ்சள் காவி, சுட்ட செங்காவி, அடர் நீலம், இவற்றோடு ஒரு சிவப்பு. இவை போதும். வெளிநாட்டுப் புத்தகங்களில் முகத்துக்கு வெள்ளையும் ரோஜா நிறமும் கலக்கச் சொல்லியிருக்கும். அதைப் பார்த்துப் போட்டால் நம் ஆட்கள் எல்லாம் பவுடர் அப்பிய கூத்தாடிகள் மாதிரி ஆகிவிடுவார்கள். நம் நிறம் செங்காவியும் நீலமும் சேர்ந்த நிறம். கறுத்த நெற்றியில் வெளிச்சம் படும் இடத்தில் வானத்து நீலம் தெரியும். அதைப் பார்க்கவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

ஆபத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு டின்னில் போட்டுவிட்டுத் தூங்கினேன். நடு இரவில் புகை நாற்றம். என் மனைவிதான் எழுந்து பார்த்தார். யாரும் தீ வைக்காமலே டின்னுக்குள் துணி கருகிக்கொண்டிருந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே தீயாகிவிடும். பலகை வீட்டில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதிலிருந்து துணியைத் தண்ணீர் நிரம்பிய டின்னில் போட்டு மூடிவிடுவேன். இந்தப் பத்தியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

குப்பையில் வரைகிறான் என்று நண்பர்கள் கேலி செய்த காலத்தில் நூலகத்தில் ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்ல்ஸ் காண்டர் முதலிய ஓவியர்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 180-க்கு மேற்பட்ட படங்கள். அவற்றில் பல, சுருட்டுப் பெட்டியின் மூடியில் வரைந்தவை. மூடியின் அளவு 9 அங்குலத்துக்கு 5 அங்குலம் என்பதால் கண்காட்சிக்கே 'ஒன்பதுக்கு ஐந்து' என்று பெயர் வைத்தார்கள். மழை நனைத்த தெரு, குதிரை வண்டி, நடந்துபோகும் ஆட்கள் என்று கண்ணில் பட்டதைப் பட்டவுடன் எண்ணெய் வண்ணத்தில் பிடித்திருந்தார்கள். ஒரு பத்திரிகை விமர்சகர் கடுமையாகத் திட்டி எழுதினார். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த விமர்சனத்தையே வெட்டிக் கண்காட்சி வாசலில் ஒட்டிவைத்தார்கள்! இன்று அந்த மூடிகளைப் பெரிய கலைக்கூடங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

நம் நாட்டிலும் முன்னோடி இல்லாமல் இல்லை. சியா யூ சியான் என்ற ஓவியர் (1936–1991) பாரிஸுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, கோலாலம்பூரின் அன்றாட வாழ்க்கையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து குவித்தார். மருத்துவமனையில் கிடப்பவர்களையும் தெருவில் பிழைப்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இல்ஹாம் கலைக்கூடத்தில் அவருடைய படங்களைத் திரட்டி வைத்திருந்தார்கள்.

இவையெல்லாம் எனக்குத் தெம்பு கொடுத்தன. ஆனால் என் படங்களில் இருந்த பெரிய குறையைக் கண்டுபிடித்தது எந்தப் புத்தகமும் அல்ல.

1991-ஆம் ஆண்டு எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. வீட்டுமனை வரப்போகிறது, லயத்தைக் காலி செய்யுங்கள் என்றார்கள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். லயத்தை உடைக்கிற நாளில் அம்மாவை அழைத்து வர லோரியோடு போனேன். அம்மா சாமி படம், சட்டி பானை, ஒரு பெட்டி, அதோடு வீட்டுக் கதவையும் எடுத்து வைத்திருந்தார். "கதவு எதுக்கும்மா?" என்றேன். "நல்ல பலகைப்பா. எத்தன வருஷம் மழை வெயில் பாத்துச்சு. அடுப்புல போட மனசு வரல" என்றார். எங்கள் அடுக்குமாடி வீட்டில் அந்தக் கதவு அடுக்களைக்குப் பின்னால் சாய்ந்து நின்றது.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத அம்மா, ஒரு மாதத்திலேயே வேலை தேடிக்கொண்டார். ஆற்றோரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் 14-ஆவது மாடியைக் கூட்டித் துடைக்கும் வேலை. நான் வேண்டாமென்று சொன்னேன். கேட்கவில்லை.

ஒரு விடியற்காலை அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். கட்டடத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தேன். உள்ளே அம்மா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மரத்தடியில் குனிந்து மங்கு எடுத்த அதே குனிவு. வீட்டுக்கு வந்து ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு மாதமாக அதை வரைந்தேன். என் படங்களிலேயே சிறந்தது இதுதான் என்று நினைத்தேன். அம்மாவை அழைத்துக் காட்டினேன்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. என் மூஞ்சி எங்கப்பா?"

"குனிஞ்சிருக்கீங்கம்மா. அதனால தெரியல."

"அப்போ இது நான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா சுவரில் சாய்த்து வைத்திருந்த மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தெருக் கூட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், சாக்கடை தோண்டுகிறவர், பூ கட்டுகிற அக்கா. "இவங்களுக்கும் மூஞ்சி இல்லியே! எல்லாம் முதுகா இருக்கு. நீ யாரையும் முன்னால நின்னு பாக்கவே இல்லியா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா சொன்னது உண்மை. இருபது படத்துக்கு மேல் இருந்தது. முகம் தெரிந்தது இரண்டிலோ மூன்றிலோதான். ஏன்? யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். பின்னால் நின்று, தூணுக்கு மறைவில் நின்று, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாகப் பார்த்து வரைந்திருக்கிறேன். உழைப்பவர்களை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமலே வந்திருக்கிறேன். துரைமார்கள் பெரட்டில் தலையை எண்ணிக்கொண்டு போவார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "இனிமே கூட்டுற வேலையைப் போடலம்மா. கோயிலுக்குக் கட்டுற சேலையோட உங்கள வரையறேன்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலையப் போடாதேன்னு நான் சொன்னனா? வேல செஞ்சதுக்கு எனக்கு வெக்கமில்ல. ஆனா நாள் முழுக்கக் குனிஞ்சே கெடந்தனா? நிமிந்து நின்ன நேரமும் இருக்குல்ல?"

அப்போதுதான் அந்த ஜன்னலைப் பற்றிச் சொன்னார். காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கினால் ஏழு மணிக்குள் மாடியின் முன்பகுதி முடிந்துவிடும். அலுவலகத்து ஆட்கள் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாராம். "கீழ ரெண்டு ஆறும் சேருதுல்ல, அந்தப் பள்ளிவாசல் தெரியும். பஸ்சு எல்லாம் தீப்பெட்டி மாதிரி போவும். அந்த நேரத்துல அந்த மாடியில நான் ஒருத்திதான். பட்டணமே எனக்குன்னு இருக்குற மாதிரி இருக்கும்ப்பா."

பல வருஷமாகப் பட்டணத்தை வரைந்தவன் நான். பட்டணத்தை அம்மா எங்கே நின்று பார்க்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"அதப் போடு. இந்தப் பெட்டிப் பலகையில வேணாம். நம்ம கதவுல போடு" என்றார்.

கதவு வேலை 1995-ஆம் ஆண்டு முழுவதும் நடந்தது. முதலில் தோட்டத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். பசை, வெள்ளைப் பூச்சு எல்லாம் முடிந்ததும் அம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இல்லை, உட்காரவில்லை, நின்றார். நிற்பதுதான் படம் என்றார். அவர் சொல்லச் சொல்ல ஜன்னலுக்கு வெளியே நான் ஊரை வரைந்தேன். ஆறு, மஸ்ஜித் ஜாமெக், இளஞ்சிவப்பு மினி பஸ்கள். தூரத்தில் இரட்டைக் கோபுரம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. வேலையிலிருந்து வந்ததும் அம்மா செய்தி சொல்வார்: "இன்னிக்கி இன்னும் மேல ஏறிட்டான்." நானும் கோபுரத்தை ஓர் அங்குலம் உயர்த்துவேன். எண்ணெய் வண்ணம் என்பதால் முடிந்தது. ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கோபுரம் எவ்வளவு வேணா வளரட்டும். என் தலைக்கு மேல போவாம பாத்துக்க." போகவில்லை. படத்தில் அம்மாதான் உயரம்.

வண்ணம் காய நாளாகிறதே என்று அம்மாவுக்கு அதிசயம். "பாலுக்கு ஆசிட்டு ஊத்தினா ஒரு ராத்திரியில உறைஞ்சிரும். உன் எண்ணெய்க்கு மாசக்கணக்கா?" என்பார். எண்ணெயிலிருந்து தண்ணீர் வற்றிக் காய்வதில்லை, காற்றை இழுத்துக்கொண்டுதான் இறுகுகிறது, மண் நிறங்கள் சீக்கிரம் இறுகும், வெள்ளைக்கு நாளாகும் என்று நான் விளக்குவேன். ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில், கட்டிப்பாலை அழுத்திப் பார்ப்பது போலப் பெருவிரலால் ஓரத்தில் அழுத்திப் பார்த்திருக்கிறார். உறையவில்லை. ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

நான் வந்ததும், "ஐயோ, கெடுத்துட்டேன்ப்பா" என்று பதறினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் சம்பள நாளில் ஆபீஸ் மேசையில் அந்தப் பெருவிரலைத்தான் மையில் தோய்த்து வைப்பார். நான் ஓவியத்தின் கீழே என் பெயரை எழுத விட்டிருந்த இடம் அது. அங்கே என் பெயரை எழுதவில்லை. ரேகையை அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்காமல் வரைந்ததில்லை. கேட்கத் தொடங்கியதும் படங்கள் மாறிவிட்டன. பூ கட்டும் அக்கா, "நூலை யாரும் இப்படிப் பிடிக்க மாட்டாங்க தம்பி" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். நாலு வருஷத்துக்கு முன் அவர் முதுகை வரைந்தபோது விரலைத் தப்பாகப் போட்டிருந்தேன். ரொட்டி போடும் பாய், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மாவு பிசைகிறவர் கடிகாரம் கட்டுவாரா என்று நான் வாதாடவில்லை. செருப்புத் தைக்கும் கிழவர் தன் பேரனையும் படத்தில் சேர்க்கச் சொன்னார். தெருக் கூட்டும் அண்ணன் ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் தம்பி. மகளக் கட்டிக் குடுத்த எடத்துல நான் என்ன வேல செய்யறேன்னு தெரியாது" என்றார். அவருக்காகத் தயார் செய்த பலகை என் அறையில் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அதில் வேறு எதையும் வரைய எனக்கு மனம் வரவில்லை.

காலம் போய்விட்டது. விளம்பரப் பலகையைக் கையால் எழுதும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது; தவுக்கே கடையை மூடினார். மினி பஸ்ஸும் போய்விட்டது. அம்மாவும் போய்விட்டார். ஆனால் படம் வரைந்த பலகைகள் அப்படியே இருக்கின்றன. அடிப்பூச்சு ஒழுங்காக இட்டவை ஒன்றுகூட வெடிக்கவில்லை.

தோட்டத்தில் இருந்து இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை சுவரில் கிறுக்கினால் அடிக்காதீர்கள். வண்ணப்பெட்டி வாங்கக் காசில்லையே என்று வருந்தவும் வேண்டாம். உடைந்த பெட்டியிலிருந்து ஒரு பலகைத் துண்டைத் தேய்த்துக் கொடுங்கள். கரித்துண்டு அடுப்படியில் இருக்கிறது. எண்ணெயும் டர்பன்டைனும் பெரியவனான பிறகு வரட்டும். முதலில் மலையையும் சூரியனையும் தென்னைமரத்தையும் வரைய விடாதீர்கள். வேலை முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, அவன் முன்னால் நீங்களே போய் உட்காருங்கள்.

அவன் உங்கள் முகத்தைப் பார்த்து வரையட்டும்.